பழைய லெப்டொப்பில் புதிய வின்டோஸ்: முதலில் கணக்கு, பிறகு கணனி

ராகலை, கந்தப்பளை, உடபுசல்லாவைப் பக்கத்து வியாபாரிகள் சந்தித்துக்கொண்டால் மரக்கறி விலைக்கும் லொறி வாடகைக்கும் அடுத்தபடியாக ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "வின்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, கடையில் இருக்கிற லெப்டொப்பை என்ன செய்வது?" சிலர் பயந்துபோய் உடனடியாகப் புதிய கணனிக்குப் பணம் புரட்டுகிறார்கள். இன்னும் சிலர், "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், நின்ற பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று இருந்துவிடுகிறார்கள். முதலாமவர் தேவையில்லாமல் முதலைப் போட்டு முடக்குகிறார். இரண்டாமவர் அதைவிடப் பெரிய ஒன்றைப் பணயம் வைக்கிறார். அது என்ன என்பதையும், பழைய லெப்டொப்பை வைத்துக்கொண்டே எப்படிப் பாதுகாப்பாகத் தரமுயர்த்தலாம் என்பதையும் இவ்வாரம் பார்ப்போம்.

நம்மில் பலரிடம் இருப்பவை எட்டு, பத்து வருடம் பழகிய லெப்டொப்கள். அதற்குக் காரணமும் உண்டு. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதிச் சாமான்களின் விலை ஏறியதோடு புதிய கணனி என்ற எண்ணத்தைப் பலரும் தள்ளிப்போட்டார்கள். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானதும் அது இன்னும் தள்ளிப்போனது. ஆகவே பழைய கணனியை வைத்திருப்பது வெட்கப்படவேண்டிய விடயமல்ல. அதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் விடயம்.

"முடிந்துவிட்டது" என்றால் என்ன?

வின்டோஸ் என்பது கணனியின் பணிசெயல் முறைமை, அதாவது ஒபரேட்டிங் சிஸ்டம். நீங்கள் பில் அடிக்கும் மென்பொருள், கணக்குப் பார்க்கும் எக்செல், பிரின்டர் எல்லாம் இதன் மேல்தான் நின்று வேலை செய்கின்றன. கட்டடத்துக்கு அத்திவாரம் எப்படியோ, கணனிக்கு இது அப்படி.

வின்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29ஆம் திகதி. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. இது புதிய பழக்கமல்ல. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியும், வின்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் திகதியும், 8.1க்கு 2023 ஜனவரி 10ஆம் திகதியும் இதே போன்று முடிவு வந்தது.

ஆதரவு நின்றால் கணனி நின்றுவிடாது. மறுநாளும் பில் அடிக்கும், பாட்டுப் போடும். நின்றுபோவது மாதாமாதம் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள். எந்தப் பெரிய மென்பொருளிலும் ஓட்டைகள் இருக்கும். அவை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் நிறுவனம் ஒட்டுப்போட்டு அனுப்பும். அதைத்தான் அப்டேட் என்கிறோம்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. வின்டோஸ் 11 அடியோடு புதிதாக எழுதப்பட்டதல்ல. அதன் உட்பகுதிகளில் பெரும்பாலானவை 10இலிருந்து வந்தவை. ஆகவே 11க்கு ஒரு ஓட்டை அடைக்கப்படும்போது, அதே ஓட்டை 10இலும் இருக்கக்கூடும் என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. பக்கத்துக் கடைக்காரர் தன் கதவின் பூட்டை மாற்றும்போது, அதே வகைப் பூட்டை வைத்திருக்கும் நம் கதவைத் திருடன் பார்க்கமாட்டானா? மாதம் செல்லச் செல்ல ஆபத்து கூடுவது இதனால்தான்.

வின்டோஸ் 10உடன் வரும் டிஃபென்டர் வைரஸ் தடுப்புக்கு 2028 ஒக்டோபர் வரை புதிய வைரஸ் விபரங்கள் வரும் என்று மைக்ரோசொப்ட் அறிவித்திருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் அது வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. சுவரில் உள்ள ஓட்டையைக் காவலாளி அடைப்பதில்லை.

நடந்த இரண்டு சம்பவங்கள்

"நம்முடைய சின்னக் கடையை யார் வந்து தாக்கப்போகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2017 மே 12ஆம் திகதி பரவத் தொடங்கிய வன்னாகிரை என்ற வைரஸ் யாருடைய பெயரையும் விலாசத்தையும் பார்த்து வரவில்லை. திருத்தம் போடாத கணனிகளைத் தானாகவே தேடிக்கொண்டு போனது. சுமார் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணனிகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் கேட்டது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளில் நோயாளர் சந்திப்புகள் இரத்துச் செய்யப்பட்டன. இதில் கவனிக்கவேண்டியது, அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் 2017 மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் மாட்டினார்கள். இனித் திருத்தமே வராத கணனிக்கு அந்தத் தப்பும் வாய்ப்பும் கிடையாது.

இரண்டாவது சம்பவம் நமது நாட்டில் நடந்தது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை இதே வகையான, பணயம் கேட்கும் வைரஸின் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கும். மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குரிய மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே பயன்படுத்தப்பட்டது மைக்ரோசொப்டின் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருள். அதற்கான ஆதரவு 2023 ஏப்ரல் மாதமே முடிந்திருந்தது. நிதித் தட்டுப்பாட்டினாலும் தரமுயர்த்தும் வேலை தாமதமானது என்று சொல்லப்பட்டது.

இதில் வியாபாரிக்கு உள்ள பாடம் இன்னொன்று. அங்கே பிரதிகளே எடுக்காமல் இருக்கவில்லை. ஆனால் இணைப்பிலேயே இருந்த பிரதிகளும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டன. தனியாகக் கழற்றி வைத்த பிரதி அந்த மூன்று மாதத்துக்கு இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இப்படியென்றால், கடை மேசையில் ஒரே ஒரு லெப்டொப்பை வைத்திருக்கும் நமது நிலை என்ன?

முதல் வேலை: பிரதி

பணயம் வைக்கப்படும் பெரிய பொருள் எது என்று ஆரம்பத்தில் கேட்டோம். அது லெப்டொப் அல்ல, அதற்குள் இருக்கும் கணக்கு. லெப்டொப் போனால் கடையில் இன்னொன்று வாங்கலாம். தோட்டத்துக் குடும்பங்கள் மாதக் கடனுக்கு எடுத்த சாமான் கணக்கு, பேலியகொடைக்குப் போன மரக்கறி லொறிகளின் வரவு செலவு, மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலைகளின் திகதிகள், வரித் திணைக்களம் கேட்டால் காட்டவேண்டிய பில்கள் ஆகியவற்றை எந்தக் கடையில் வாங்குவது? கொப்பியில் எழுதிய காலத்தில் ஒரு கொப்பி தொலைந்தால் ஒரு மாதக் கணக்குத்தான் போகும். கணனியில் பத்து வருடக் கணக்கும் ஒன்றாகப் போகும். அதற்குப் பிறகு, "நான் கட்டிவிட்டேனே" என்பவரோடும் "இவ்வளவு எடுக்கவில்லையே" என்பவரோடும் ஞாபகத்தை வைத்துத்தான் பேசவேண்டிவரும். காசோடு நல்லுறவும் கெடும்.

ஆகவே தரமுயர்த்துவதற்கு முன் பிரதி எடுக்கவேண்டும். கணக்கின் மூன்று பிரதிகள் இருக்கவேண்டும். ஒன்று லெப்டொப்பில். இரண்டாவது, வெளியே இணைக்கும் ஹாட் டிஸ்க்கில். பிரதி எடுத்து முடிந்தவுடன் வயரைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட வேண்டும். எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க்கை வைரஸும் எட்டும், மின்னலும் எட்டும். மூன்றாவது பிரதி கடைக்கு வெளியே, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ, கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிலோ இருக்கவேண்டும்.

வேறு ஊர் என்று சொல்வதற்குக் காரணம் நம் மலைநாட்டாருக்கு விளக்கவேண்டியதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழை நுவரெலியா மாவட்டத்தை எப்படிப் புரட்டியெடுத்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். மண் சரியும்போது லெப்டொப்பும் பக்கத்து அலுமாரியில் இருக்கும் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் போகும்.

எவற்றைப் பிரதி எடுப்பது? "மை டொக்கியுமென்ட்ஸ்" மட்டும் போதாது. கணக்கு மென்பொருள் தன் தரவுகளைப் பெரும்பாலும் சி டிரைவில் தனக்கென்று ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கும். மென்பொருளிலேயே பெக்கப் என்ற பகுதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மென்பொருளின் இலக்கத் திறவுகோல், இணைய உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், பிரின்டருடன் வந்த சிடி ஆகியவற்றையும் தேடி எடுத்து வையுங்கள்.

தமிழில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நமது பழைய கடிதங்களும் விலைப்பட்டியல்களும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. புதிய வின்டோஸில் பாமினி இருக்காது. அது இல்லாமல் அந்தக் கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். பலர் கோப்பு பழுதாகிவிட்டது என்று பயப்படுவது இதனால்தான். பழைய கணனியின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியைக் கொப்பி செய்து வைத்துக்கொண்டால் புதியதில் போட்டு வாசிக்கலாம்.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது. வேறொரு கணனியில் செருகி, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பி இறங்கக்கூடாது.

உங்கள் கணனிக்கு எது பொருந்தும்?

முன்னைய காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு சிறுரயில் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதன் தண்டவாள அகலம் இரண்டரை அடி. கொழும்பிலிருந்து வரும் பெரிய ரயிலின் தண்டவாளம் ஐந்தரை அடி. பெரிய ரயிலின் பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நானுஓயாவுக்கு மேல் ராகலைக்கு வராது. சாமானை இறக்கி மாற்றித்தான் ஏற்றவேண்டும். வின்டோஸ் 11உம் பழைய லெப்டொப்பும் சிலவேளை அப்படித்தான்.

வின்டோஸ் 11 கேட்பவை இவை: குறைந்தது 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், செக்கியூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, அத்துடன் மைக்ரோசொப்டின் பட்டியலில் உள்ள புரொசசர். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறையிலிருந்து இடம் உண்டு. அந்த எட்டாவது தலைமுறை வெளிவரத் தொடங்கியது 2017இல்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது இலகு. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற இடத்துக்குச் செல்லுங்கள். புரொசசர் என்பதற்கு எதிரே ஐ5-7200யு என்று இருந்தால், கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் 7. அது ஏழாவது தலைமுறை, சேராது. ஐ5-8250யு என்றால் எட்டாவது, சேரும். ஐ5-10210யு என்றால் பத்தாவது. மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறிய மென்பொருளைப் போட்டால், சேருமா சேராதா என்பதோடு காரணத்தையும் அதுவே சொல்லும்.

டிபிஎம் இல்லை என்று அது சொன்னால் உடனே மனம் தளரவேண்டாம். எட்டாவது தலைமுறைக்குப் பிந்திய கணனிகள் பலவற்றில் அது பயோஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். தெரிந்தவரைக் கொண்டு திறந்துவிட்டால் போதும்.

நான்கு வழிகள்

ஒன்று: சேரும் கணனி. வின்டோஸ் 10 முறையான உரிமத்துடன் இருந்தால் 11க்கு மாறுவது இலவசம். அப்டேட் பக்கத்திலேயே செய்யலாம், கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். மாறிய பின் மனதுக்குப் பிடிக்காவிட்டால், அல்லது பில் பிரின்டர் வேலை செய்யாவிட்டால், 10 நாட்களுக்குள் பழையதற்கே திரும்பும் வசதி உண்டு. ஆகவே அந்தப் பத்து நாட்களுக்குள் கடையின் சகல வேலைகளையும் ஒருதரம் செய்து பார்த்துவிடுங்கள். 4 ஜிபி ரெம் போதும் என்று சொல்லப்பட்டாலும் நடைமுறையில் 8 ஜிபி இருந்தால்தான் கை வேகத்துக்கு ஓடும்.

இரண்டு: சேராத கணனி, ஆனால் கடை மென்பொருளுக்கு வின்டோஸ் கட்டாயம் தேவை. இவர்களுக்காக நீடிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் என்ற திட்டத்தை மைக்ரோசொப்ட் கொண்டுவந்தது. தனிநபர் பாவனையாளருக்கு இது 2026 ஒக்டோபர் 13ஆம் திகதி வரை என அறிவிக்கப்பட்டது. 30 டொலர் கட்டியும் சேரலாம். மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றில் நுழைந்து, கணனியின் அமைப்புகளை இணையத்தில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கட்டாமலும் சேரலாம். வின்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருக்கவேண்டும். கம்பனி வலையமைப்பில் சேர்க்கப்பட்ட கணனிகளுக்குத் திட்டம் வேறு. அதற்கு முதல் வருடத்துக்கு ஒரு கணனிக்கு 61 டொலர் என்றும், வருடாவருடம் இரட்டிப்பாகும் என்றும் அறிவித்தார்கள். இது நிரந்தரத் தீர்வல்ல, தவணை வாங்குவதைப் போன்றது. தவணை கிடைத்த காலத்தில் பணம் சேர்ப்பவன்தான் வியாபாரி.

மூன்று: சேராத கணனி, வேலை கடிதம், எக்செல் கணக்கு, மின்னஞ்சல், இணையம் மட்டும்தான். இவர்கள் லினக்ஸ் பக்கம் போகலாம். லினக்ஸ் மின்ட் என்ற பதிப்பு இலவசமானது, பார்வைக்கு வின்டோஸ் போன்றே இருக்கும். 2024 ஜூலையில் வந்த அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. 4 ஜிபி ரெம் உள்ள பழைய லெப்டொப்பிலும் ஓடும். லிப்ரே ஒபிஸ் என்ற மென்பொருள் எக்செல், வேர்ட் கோப்புகளைத் திறக்கும். இதன் பெரிய வசதி, பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம். கணனியில் உள்ள எதையும் அது அப்போது தொடுவதில்லை. உங்கள் பிரின்டர், வைஃபை வேலை செய்கின்றனவா என்று பார்த்துத் திருப்தியான பிறகு பதித்துக்கொள்ளலாம். வின்டோஸுக்காக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்கள் பல இதில் ஓடமாட்டா என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

நான்கு: உடலே தளர்ந்த கணனி. திரையில் கோடு, மூடியை மூட முடியாத பிணைச்சல், உப்பிய பெட்டரி என்றிருந்தால் அதன்மேல் செலவழிப்பது வீண். உப்பிய பெட்டரி தீப்பிடிக்கக் கூடியது. அதை உடனடியாகக் கழற்றுவிக்கவேண்டும். இவர்கள் மாத்திரம் வேறு கணனிக்குப் போவது சரி. பாவித்ததை வாங்கினாலும் எட்டாவது தலைமுறைக்குக் குறைந்ததை மலிவு என்று எடுக்கவேண்டாம்.

ஐந்தாவதாக ஒரு குறுக்கு வழியும் ஊரில் பேசப்படுகிறது. சேராத கணனிக்கும் சோதனையை ஏமாற்றி 11ஐ ஏற்றித் தருவார்கள். ஏறும், ஓடவும் ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணனிகளுக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசொப்டே சொல்கிறது. திருத்தங்களுக்காகத்தானே மாறுகிறோம்? வீட்டில் பிள்ளைகள் பழகும் கணனியில் செய்து பார்க்கலாம். கடைக் கணக்கு இருக்கும் கணனிக்கு வேண்டாம்.

வேகத்துக்கு மருந்து வேறு

"லெப்டொப் ஆமை மாதிரிப் போகிறது, அதனால் வின்டோஸை மாற்றவேண்டும்" என்பவர்கள் பலர். பழைய லெப்டொப்பின் மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் அதன் ஹாட் டிஸ்க். உள்ளே தட்டு சுழன்று, ஊசி நகர்ந்து தேடி எடுக்கவேண்டும். எஸ்.எஸ்.டி. என்ற புதிய வகையில் சுழலும் பாகமே இல்லை. இதை மாற்றினாலே நிமிடக்கணக்கில் திறந்த கணனி சில விநாடிகளில் திறக்கும். பழைய லெப்டொப்பில் செலவழிக்கும் முதல் ரூபாய் இதற்குத்தான் போகவேண்டும். இரண்டாவது ரெம்முக்கு. ரெம்மில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு. ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. சில மெல்லிய லெப்டொப்களில் ரெம் பலகையோடு ஒட்டியிருக்கும், கூட்டவே முடியாது. முதலில் திறந்து பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

எஸ்.எஸ்.டி. போடுவதில் இன்னொரு பெரிய இலாபம் உண்டு. புதிய வின்டோஸைப் புதிய எஸ்.எஸ்.டி.யில் பதித்துவிட்டு, கழற்றிய பழைய டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள். உங்கள் பழைய வின்டோஸும் மென்பொருள்களும் கணக்குகளும் அதில் முழுதாக இருக்கும். புதியது சரிவராவிட்டால், பழைய டிஸ்க்கைத் திரும்பப் பூட்டினால் அரை மணித்தியாலத்தில் கடை பழையபடி நடக்கும். அதே லெப்டொப் என்பதால் இணையத்தில் இணைந்ததும் வின்டோஸ் உரிமமும் பெரும்பாலும் தானாகவே செல்லுபடியாகும். ஆகவே திருத்துபவரிடம் கொடுக்கும்போதே, "பழைய டிஸ்க்கை ஃபோர்மட் பண்ண வேணாம், என் கையில் தாங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எந்த நாளில் செய்வது?

வேலையைவிட நாள் முக்கியம். தோட்டச் சம்பளம் போடும் 10ஆம் திகதியை அண்டிய நாட்களிலும், பெருநாள், தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் கணனியில் கைவைக்கக் கூடாது. சம்பளக் கூட்டம் ஓய்ந்த வாரத்தில், கடை மூடும் நாள் ஒன்றில் தொடங்குங்கள். அன்றிலிருந்து இரண்டு நாளைக்குக் கையால் பில் எழுத ஒரு பில் புத்தகம் தயாராக இருக்கட்டும்.

வின்டோஸ் பதியும்போது மின்சாரம் போனால் கணனி இடைநடுவில் நின்று திறக்காமலே போகலாம். பழைய லெப்டொப்பின் பெட்டரியோ ஐந்து நிமிடமும் தாங்காது. இடி மின்னலுடன் மழை பெய்யும் பின்னேரங்களில் தொடங்காமல் காலையில் தொடங்குங்கள். யூபிஎஸ் இருந்தால் அதில் செருகுங்கள். தரவிறக்கம் 5 ஜிபிக்கு மேல் வரும் என்பதால், போன் டேட்டாவில் இணைந்திருப்பவர்கள் பெக்கேஜைப் பார்த்துக்கொண்டு தொடங்கவேண்டும்.

கடையில் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டரோ, பல வருடங்களுக்கு முன் எழுதுவித்த பில் மென்பொருளோ இருந்தால் அதை எழுதியவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வின்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும்தான். 32 பிட் வின்டோஸில் ஓடிய டொஸ் காலத்து 16 பிட் மென்பொருள்கள் அதில் ஓடமாட்டா. உங்கள் வின்டோஸ் 10 தானே 32 பிட் என்றால், இருந்தபடியே தரமுயர்த்த முடியாது. புதிதாகத்தான் பதியவேண்டும்.

புதிதாகப் பதிந்து மைக்ரோசொப்ட் கணக்கில் நுழையும்போது வின்டோஸ் 11 சில கணனிகளில் டிஸ்க்கைத் தானாகவே மறைகுறியாக்கிப் பூட்டிவிடுகிறது. திருடன் கையில் அகப்பட்டாலும் வாசிக்க முடியாது, நல்லதுதான். ஆனால் அதற்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் ஒன்று உண்டு. பிறகு ஒருநாள் பயோஸில் ஏதும் மாற்றினால் அதைக் கேட்கும். இல்லாவிட்டால் உங்கள் கணக்கை நீங்களே திறக்க முடியாது. அதைத் தாளில் எழுதி, கடை உறுதிப்பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். திருத்துபவர் தன்னுடைய மின்னஞ்சலில் கணக்குத் திறந்து தருவதற்கு இடம்கொடுக்க வேண்டாம். உங்கள் கணனி, உங்கள் கணக்கில்தான் இருக்கவேண்டும்.

கள்ளப் பிரதி வேண்டாம்

செலவைக் குறைக்க நினைத்து, உரிமம் உடைத்த வின்டோஸைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, அப்படிப்பட்ட மென்பொருளைத் தெரிந்துகொண்டே வியாபார இலாபத்துக்குப் பயன்படுத்துவது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உரிமத்தை உடைக்கும் அந்தச் சிறிய மென்பொருளை ஓட்டுவதற்காக வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். யார் எழுதியதென்றே தெரியாத ஒன்றுக்குக் காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவிடுவது எந்த வியாபாரப் புத்தி? பணம் இல்லாதவருக்கு லினக்ஸ் இருக்கிறது. அது நேர்வழியில் கிடைக்கும் இலவசம்.

பழைய லெப்டொப்பையோ டிஸ்க்கையோ விற்கும் நாள் வந்தால், உள்ளே இருப்பதை முறையாக அழிப்பித்த பிறகே கொடுங்கள். அதில் நம்முடைய கணக்கு மட்டுமல்ல, நம்மை நம்பிக் கடன் வாங்கியவர்களின் பெயர்களும் அடையாள அட்டை இலக்கங்களும் இருக்கின்றன. அவை அவர்கள் நம்மிடம் ஒப்படைத்தவை.

சுருக்கமாகச் சொன்னால் வேலையின் ஒழுங்கு இதுதான்: முதலில் பிரதி, இரண்டாவது பிரதியைத் திறந்து பார்த்தல், மூன்றாவது புரொசசரின் தலைமுறையைப் பார்த்தல், நான்காவது உங்களுக்குரிய வழியைத் தெரிதல், ஐந்தாவது நாள் குறித்தல். கையில் பணம் இல்லாதவர்கூட முதல் மூன்றையும் இன்றிரவே கடை மூடிய பிறகு செய்துவிடலாம். ஒரு டிஸ்க் வாங்குகிற காசும் இரண்டு மணித்தியால நேரமும்தான் செலவு. மிகுதி இரண்டையும் அடுத்த சம்பளக் கூட்டம் ஓய்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.